ஆரஞ்சுக் குறி

ஏப்ரலில் ஹல்லிஸ்தே ஆறு கரையை மறந்துவிடும்.
எஸ்டோனியாவின் இந்த மூலையில் அப்போது சாலை கிடையாது.
தபால், மாவு மூட்டை, ஒருமுறை சவப்பெட்டிகூட
பிர்ச் மரங்களுக்கு நடுவே
துடுப்புப் போட்டுத்தான் போயிற்று.

பிப்ரவரியில், பனி இறுகிக் கிடந்தபோதே
நான் வந்து குறி போட்டுவிட்டேன்.
வெட்டவேண்டிய நாற்பத்தொரு மரங்களுக்கு
நெஞ்சளவில் ஆளுக்கொரு பெருக்கல் குறி.
வனத்துறைச் சம்பளம், வனத்துறைச் சாயம்.
இப்போது வெள்ளம் ஏறி
குறிக்கு நான்கு விரல் கீழே நிற்கிறது.

எண்ணிக்கை சரிபார்க்கப் போன காலையில்
மைமு தன் படகை ஓர் ஆல்டரில் கட்டிவிட்டு
மடியில் பலகை வைத்து வரைந்துகொண்டிருந்தாள்.
தூரிகை கழுவக் குவளை இல்லை.
கையை நீட்டினால் போதும், காடு முழுக்கத் தண்ணீர்.
தண்ணீரைத் தொட்டே
தண்ணீரை வரைந்தாள்.

பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.
தாளின் கீழ்ப்பாதியில் மரங்கள் தலைகீழாக,
ஓரங்கள் நடுங்க,
கிளைகள் ஆழத்தில் மேகத்தைத் துழாவ.
ஒவ்வொன்றிலும் என் குறி,
என் கையின் இடச்சாய்வுகூடத் தப்பாமல்.
மேல்பாதி வெறும் தாள்.

"மரத்தை விட்டுவிட்டாயே."

"இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை."

அதற்குள் என் படகின் அலை போய்
எல்லாவற்றையும் கலைத்துவிட்டது.
நாற்பத்தொன்றும் ஆரஞ்சுத் துணுக்குகளாய்
பொரிக்கு மொய்க்கும் மீன்போலச் சிதறின.
"கொஞ்சம் அசையாமல் இரு" என்றாள்.
துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்.
அதன் நுனியில் சொட்டியது. ஒரு வளையம்.
மறுபடி சொட்டியது.
தோள் கடுத்தது.
இந்தக் காட்டில் சும்மா உட்கார்ந்தது
அன்றைக்குத்தான்.

தண்ணீர் ஆறியபோது
முதலில் குறிகள்தான் திரும்பி வந்தன.
அப்புறம்தான் மரம்.

"இந்த நிறம் என் பெட்டியில் இல்லை" என்றாள்.
"மஞ்சளில் சிவப்பைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.
உன்னுடையது இன்னும் கத்துகிறது."

வெள்ளம் வடிய மூன்று வாரம்.
தரை இறுகியதும் இயந்திரம் வரும்.
அதை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.
பதினாறோ பதினேழோ, எண்ணியது தவறிப்போயிருந்தது.

துடுப்புப் போடுகிறவன்
போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்.
ஆகவே வெகுதூரம் வரை
அவளைப் பார்த்துக்கொண்டே போனேன்,
அவள் நிமிராததையும்.