முக்கால் தொட்டி

அக்டோபரில் என் பாடவேளை கடனாகப் போகும்.
ஜனவரியிலேயே தெரியும் எனக்கு.
ரோஸ் பெல், ஆறாம் வகுப்பு, புதன், பத்தரை மணி.
"இன்றைக்கும் விட்டுக்கொடுத்துவிடுங்களேன் மிஸ்,
பின்னம் இன்னும் பிடிபடவில்லை இவர்களுக்கு."
லாபோர்ட் மேடம் கேட்பது
கேள்வி மாதிரி இருக்கும்.
கேள்வி இல்லை.

என்னிடம் வரவேண்டிய ஒன்பது பேரும்
இந்திக்கும் உருதுவுக்கும் போகவேண்டியவர்களும்
இடம் மாறாமல் உட்கார்ந்திருக்க
நான் போய்ப் பின்வரிசையில் அமர்கிறேன்.
முழங்கால் மேசையில் இடிக்கிறது.

பலகையில் ஒரு தண்ணீர்த் தொட்டி,
மேலே இரண்டு குழாய்.
ஒன்று மூன்று மணியில் நிரப்பும்,
மற்றது ஆறு மணியில்.
சேர்த்துத் திறந்தால்?

முப்பத்தொரு தலைகள் குனிகின்றன.
எண்பதை நாலு இருபதாகக்
க்ரியோலில் முணுமுணுத்து
ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகள்.
என் 'எண்பது'
பூட்டிய அறையில், ஓர் அட்டையில்,
ஒற்றை ஊசியில் தொங்குகிறது.

நானும் போட்டுப் பார்த்தேன்
வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்.
மூன்றும் ஆறும் ஒன்பது, பாதி நாலரை.
ஒரு குழாயே மூன்று மணியில் முடிப்பதை
இரண்டு சேர்ந்து நாலரை மணியா இழுக்கும்?
சில அலுவலகங்களில் இழுக்கும்தான்.

பக்கத்தில் ஸஃபியா எட்டிப் பார்த்தாள்.
சிரிப்பை உதட்டோடு கடித்தாள்.
தன் விடையைப் பென்சிலால் ஒருமுறை தட்டிவிட்டு
உடனே உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.
இரண்டு.

வெள்ளிக்கிழமை தாள்கள் திரும்பின.
கோவிலன் எழுதியிருந்தான்: இரண்டு மணி நேரம்.
அதன் கீழே, எறும்பு எழுத்தில்:
தண்ணீர் வந்தால்.

அந்த வரி மட்டும் சிவப்பில் அடிபட்டு
அரை மதிப்பெண் போயிருந்தது.
"பரீட்சையிலும் இப்படி எழுதிவைத்தால்?"
மேடம் என்னைத்தான் கேட்டார்,
நானே எழுதிக் கொடுத்த மாதிரி.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
அவர் வீடு கியூர்பீப்பில்;
அங்கே துணி காய்வதுதான் கஷ்டம்.

எங்கள் சந்தில் இந்த வருடம்
விடியற்காலை நாலு மணிக்குக் குழாய் இருமும்.
காற்றைத் துப்பும், கொஞ்சம் துருவைத் துப்பும்,
பிறகுதான் தண்ணீர்.
தொட்டி நிறைய இரண்டு மணி வேண்டும்.
ஒன்றரை மணியில் நின்றுவிடும்.

மொட்டைமாடியில் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி
தொட்டியை விரலால் தட்டிக்கொண்டே போவேன்
கீழிருந்து மேலே,
தொப், தொப், தொப், டங்.
அந்த 'டங்'கில் விரலை வைத்துக்கொண்டு நின்றபோது
கணக்கு தானாக ஓடியது:
இரண்டில் ஒன்றரை,
கோட்டுக்கு மேலே மூன்று, கீழே நான்கு.
அதை எழுதத் தாள் தேடுவதற்குள்
வாய் சொல்லிவிட்டது:
முக்கால்.

திங்களன்று தாழ்வாரத்தில் கோவிலனிடம் சொன்னேன்.
அவன் தன் கால்களைப் பார்த்தான்.
"மூணு காலா மிஸ்?
அப்ப நாற்காலிதான் முழுசா?"
இருபத்திரண்டு வருடமாக இந்தச் சொற்களைச்
சொல்லிக் கொடுத்து வருகிறேன்.
இரண்டையும் ஒருநாளும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.
"எங்க வீட்டுத் தொட்டியும் அப்படித்தான்" என்றான்,
"கீழே விழாம நிக்குது."
மணி அடித்தது.
பழைய வினாத்தாள் ஒன்று பாக்கி இருந்தது அவனுக்கு,
ஓடிவிட்டான்.

அடுத்த புதனும் கொடுத்துவிட்டேன்.
இந்தமுறை ரயில்கள்.
ஒன்று கிழக்கிலிருந்து, ஒன்று மேற்கிலிருந்து,
எத்தனை மணிக்குச் சந்திக்கும்?
மெட்ரோ கியூர்பீப்போடு நின்றுவிடும்,
எங்கள் ஊருக்கு வருவதில்லை.
கோவிலன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.
விடையை எழுதி அடிக்கோடிட்டுவிட்டான்.
அதற்குக் கீழே இன்னும் ஏதோ,
தாளுக்குள் முகம் புதைத்து,
எறும்பு எழுத்தில்.

நான் எட்டிப் பார்க்கவில்லை.