பிஸ்கட் டின்

பதினெட்டு வருடம்
கை தூக்கியே தலைவரைத் தேர்ந்தெடுத்தோம்
புக்கிட் தெராப் தோட்டத்துப் பலநோக்கு மண்டபத்தில்.
சன்னாசி முன்வரிசையில் அமர்ந்து
திரும்பிப் பார்ப்பார்.
எந்தக் கை எவ்வளவு உயரம் என்று
அவருக்கு மனப்பாடம்.
நாங்கள் பின்கட்டில்
தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருப்போம்.
மங்கு பிடித்த கையை
யாரும் எண்ணுவதில்லை.

என் தேத்தண்ணியில் இஞ்சி தூக்கல்.
இரண்டாம் மங்கு கேட்பவர்கள் உண்டு.
பிறகொரு மார்ச்சில்
பீடோர் பஸ்ஸில் என் பையிலிருந்து
ஒரு கிளினிக் காகிதம் விழுந்தது.
இரண்டே நாளில்
தோட்டம் முழுக்கப் படித்து முடித்துவிட்டது.
அடுத்த கூட்டத்தில்
முப்பது மங்கும் ஆடை கட்டிக் கிடந்தன.
பாக்கியவதி மட்டும் ஒன்றைக் குடித்தாள்,
ஆறியதையே, அடிச்சொட்டு வரை.
மீதியை வாய்க்காலில் கொட்டினேன்.

புருஷன் கொண்டுவந்தது என்று சொன்னால்
பாவம் பார்த்திருப்பார்கள்.
சொல்லவில்லை.
ஜெகாவின் லோரி பாடாங் பெசார் வரை போகும்.
செத்துப்போன மனிதரை வைத்து
என்னைக் கழுவிக்கொள்ள மனமில்லை.

இந்த வருடம் தோட்டத்தை விற்கிறார்கள்.
குடும்பத்துக்கு ஒரு வீடாம்,
அதுவும் ஆண் பெயரில்தானாம்.
சன்னாசி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.
பன்னிரண்டு வீட்டில் ஆணே இல்லை.

நான் நிற்கிறேன் என்றேன்.
செயலாளர் பலகையில் எழுதினார்:
லோரி ஜெகா மனைவி.
அழிங்க, என்றேன். தவமலர்.
சுண்ணக்கட்டி ஒடிந்தது.
கை வேண்டாம், சீட்டுப் போடுவோம் என்றேன்.
நமக்குள்ள என்னம்மா ரகசியம்,
சிரித்தார் சன்னாசி.
மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.
ரகசியம் இல்லாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்று
அங்கே எனக்குத்தானே தெரியும்.

ஆ லெங் கடையிலிருந்து
சதுர பிஸ்கட் டின் வந்தது.
குலை வெட்டும் உளியால்
மூடியில் ஒரு கீறல்.
ஜன்னலுக்கு வெளியே பங்களா தம்பிகள்
நின்று பார்த்தார்கள்.
இன்று குலை வெட்டுவது அவர்கள்,
சீட்டு இல்லை.
அதை நான் கவனித்தேன்,
அன்றைக்குப் பேசவில்லை.

எண்ணும்போது எட்டரை.
என் கைபேசி அலறியது.
எதற்கென்று எல்லாருக்கும் தெரியும்.
எல்லார் முன்னாலும்
மாத்திரையை எடுத்து விழுங்கினேன்.
மிஸி நோர்லிசா போன மாதமே சொல்லிவிட்டாள்:
ரத்தத்தில் கிருமி தென்படவில்லை, அக்கா.
காகிதமும் தந்தாள்.
அதை வேண்டுமென்றே
பஸ் சீட்டில் விட்டு வந்தேன்.
யாரும் படிக்கவில்லை.

சன்னாசி நாற்பத்தொன்று.
தவமலர் இருபத்துமூன்று.

என் கணக்கில் இரண்டுதான்:
நானும் பாக்கியவதியும்.
மறுநாள் ரொட்டி சானாய் வரிசையில்
முகம் முகமாகப் பார்த்தேன்.
பசியாறியாச்சா என்று கேட்டவர்
போட்டிருக்க மாட்டார்.
கண்ணைத் திருப்பிக்கொண்ட கிராணி மகன்
போட்டிருக்கலாம்.
நேர்மாறாகவும் இருக்கலாம்.
ஒரு தோட்டம் முழுக்க
என்னிடம் ஏதோ ஒன்றை
மறைத்து வைத்திருந்தது.
இத்தனை வருடத்தில் முதல் தடவை
அது நல்லதாக இருந்தது.

மூன்றாம் நாள் சன்னாசி வந்தார்.
வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.
அந்த இருபத்தொரு பேர் யாரு?
எனக்கும் தெரியாதுங்க, என்றேன்.
அதுக்குத்தானே டின்.

கொஞ்ச நேரம் நின்றார்.
நான் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்,
ஒரு மங்குக்கு மட்டும்.
சரி, அந்தப் பட்டியலைக் குடு, என்றார்.
பன்னிரண்டு பெயர்.
யார் மனைவி, யார் மகள் என்று
எழுதியிருக்கவில்லை.
எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே
படி இறங்கினார்.