வளவில் மாட்டிய படம்

இருபத்திரண்டு நாள் ஷூட்டிங்.
தரையில் சாக்கு விரித்துத்தான் நடந்தார்கள்,
குறை சொல்ல முடியாது,
ஆத்தங்குடிக் கல் ஒன்றுகூடக் கீறவில்லை.
போகிற அவசரத்தில்
கதாநாயகனின் செத்துப்போன ஐயாவை மட்டும்
கழற்ற மறந்துவிட்டார்கள்.

வளவில், சாமி அறைக் கதவுக்கு மேலே,
கழுத்தில் கௌரிசங்கம், நெற்றி நிறைய விபூதி,
கண்ணாடிக்கு வெளியே பிளாஸ்டிக் மாலை.

அவர் பெயர் துரைக்கண்ணு. சாலிகிராமம்.
போட்டோவுக்கு உட்கார்ந்ததற்குத் தொள்ளாயிரம், மதியச் சாப்பாடு.
கிணற்றடியில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்:
"உயிரோட வந்து நடிச்சா ஆயிரத்தைந்நூறும்மா.
செத்தவனுக்கு இதுதான் ரேட்டு."
நீராகாரம் கொடுத்தேன்.
உப்புப் போதவில்லை என்றார்.

வைகாசியில் படைப்பு.
பதினேழு புள்ளிக்குச் சொந்தம் இந்த வீடு.
மீதிப் பதினொரு மாதமும்
என் இடுப்புச் சாவியில்தான் தொங்கும்.
பினாங்கு, கோயம்புத்தூர், அண்ணா நகர்,
பெட்டி பெட்டியாய் வந்து இறங்கினார்கள்.

சாத்தப்பன் புள்ளி நிமிர்ந்து பார்த்தது:
வள்ளியப்பன் வழி ஐயா போலிருக்கு.
வள்ளியப்பன் புள்ளி:
அந்த மூக்கைப் பாரு, சாத்தப்பன் வீட்டு மூக்கு.
யாரென்று கேட்டால்
தன் குடும்பம் தனக்கே தெரியாதது வெளியே வந்துவிடும்.
ஒருவரும் கேட்கவில்லை.
ஏழு வேட்டி வைத்துப் படைக்கிற இடத்தில்
அந்த வருடம் எட்டு.
பினாங்குப் பையன், பத்து வார்த்தைத் தமிழ்க்காரன்,
நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து எழுந்தான்.
தொண்டை வரைக்கும் வந்ததை
எச்சிலோடு விழுங்கிவிட்டு
இலை எடுக்கப் போனேன்.

தீபாவளிக்கு எங்கள் படம் வந்தது.
நான், கருப்பாயி, தண்ணிவண்டி சேவுகன், அவன் கொழுந்தியாள்,
ஷேர் ஆட்டோ பிடித்துக் காரைக்குடிக்கு.
நெல்லறைக் கதவைக் கதாநாயகி திறந்தாள்,
அந்தப் பக்கம் கடல் இருந்தது.
"அடியே, அங்ஙன எலிப்பொந்துதானே இருக்கு!"
கருப்பாயி சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பியது.
ஒரு பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்
நான் தினமும் கூட்டுகிற தரையில்.
ஐயா ஒரு கண்சிமிட்டும் நேரம்தான் வந்தார்.
நான் மட்டும் கை தட்டினேன்.

அப்புறம் மாசி மாதம்,
வேறு ஏதோ படம்.
ஏசி போட்டிருப்பான் என்றுதான் போனது.
இடைவேளைக்குச் சற்று முன்னால் சந்தையில் சண்டை.
வழியில் நின்ற கிழவன் ஒருவனை
ஓங்கி அறைந்தான் வில்லனின் ஆள்.
கிழவன் தக்காளிக் கூடைக்குள் போய் விழுந்தான்.
தியேட்டரே சிரித்தது.

துரைக்கண்ணு.

"டேய், யாரைடா அடிக்கிறே?
பதினேழு புள்ளிக்கு ஐயாடா அவர்!"

எழுந்து நின்றது எனக்கே தெரியாது.
பின்னாலிருந்து விசில்.
"ஆத்தா, உக்காரு, படம் மறைக்குது."
கருப்பாயி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.
அதற்குப் பிறகு என்ன கதை என்று கேட்காதீர்கள்.
வாங்கிய முறுக்கு கையிலேயே நமுத்துப்போனது.
கடைசியில் பெயர்கள் ஓடின.
நான் எழுத்துக் கூட்டுவதற்குள்
மேலே மேலே போய்
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் விடிய,
முகப்பு, பட்டாலை, வளவு,
பூட்டுப் பூட்டாய்த் திறந்துகொண்டு போய்
ஏணி சாத்தி ஏறினேன்.
ஈரத்துணி.
எந்தக் கன்னத்தில் விழுந்தது அறை?
நினைவுபடுத்திப் பார்த்தேன், பிடிபடவில்லை.
இரண்டையும் துடைத்தேன்.