தலையும் அடியும்

தொங்கு ரயில் என் இரண்டாம் மாடி ஜன்னலை
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை உரசிப் போகும்.
அது கடக்கும்வரை இடுக்கியைக் கீழே வைத்துவிடுவேன்.
நூறு வயதுத் தாளுக்கு என் கைநடுக்கமே அதிகம்,
வுப்பர்டால் நகரத்தின் நடுக்கமும் எதற்கு?

ரோஸ்விதா கெர்லாக் அம்மையார்
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.
ரொட்டிக்கடைப் பையிலிருந்து ஓர் உறை வந்தது.
பிர்க்கன்ரோட், 22 நவம்பர் 1923.
ஒரு கடிதம் போய்ச் சேர
இரண்டாயிரம் கோடி மார்க்.
"என் எக்பெர்ட் போன வருடம் இறந்தார்.
இதை அவர் யாரையும் தொட விட்டதில்லை.
மெய்யா என்று சொல்லுங்கள்."

அந்த மாதத்துத் தலைகளை
மூட்டை மூட்டையாய் அடித்துத் தள்ளினார்கள்.
உறையேறாத தலைக்கு இன்று
ஒரு காப்பியின் விலைகூடத் தேறாது.
அன்றைய மையில் அடிபட்டு
ஊர் கடந்தது என்றால் ஒரு மாத வாடகை.
ஆகவே இங்கே எவரும்
தலையைப் பொய்யாய்ச் செய்வதில்லை.
பயணத்தைச் செய்கிறார்கள்.

தானம் வந்த மாடல்ல இது;
முப்பத்தெட்டு யூரோ வாங்கியிருக்கிறேன்,
பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.
ஓரப் பற்கள் சரி.
நிறம் சரி.
ஊதா விளக்கின் கீழே மை மட்டும்
பழையதைப்போல் தாளைக் கடிக்காமல்
குழம்பில் எண்ணெய்போல் மேலே மிதந்தது.
அப்புறம் அந்த 'ஆர்'.
பிர்க்கன்ரோட் அஞ்சலகத்தின் கட்டையில் அதற்கு
இருபத்தொன்றிலேயே கால் முறிந்துவிட்டது.
என் கோப்பில் உள்ள ஒன்பது உறைகளிலும் நொண்டி.
இதில் மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து நிற்கிறது.

எங்களூரில் ஒட்டுவதும் முத்திரை,
அதன் மேல் விழும் அடியும் முத்திரை.
இரண்டையும் பிரித்துப் பார்க்க
இத்தனை தூரம் வந்து படித்தேன்.
தலை மெய், அடி பொய்.
(என் அட்டையிலும் பிறந்தநாள் ஜனவரி ஒன்று.
ஆள் மெய்.
தேதி, டோர்ட்முண்டில் ஓர் எழுத்தர்
மதியச் சாப்பாட்டுக்கு எழும் அவசரத்தில் அடித்தது.)

சொன்னேன்.
இந்த நேரத்துக்கென்றே வைத்திருக்கும்
காகிதக் கைக்குட்டைப் பெட்டியை
அவர் பக்கம் நகர்த்தினேன்.
அவர் பேனாவைத்தான் எடுத்தார்.

"எண்பத்தொன்று ஈஸ்டர். மேசையில் வின்ஃப்ரீட்
இதைப் பார்த்துச் சிரித்தார், பொய் என்று.
அண்ணனும் தம்பியும் முட்டை உரித்தபடியே
பேச்சை விட்டார்கள். அப்புறம் பேசவே இல்லை.
வின்ஃப்ரீட் காஸலில் இருக்கிறார்.
முழங்கால் இரண்டும் போய்விட்டதாம்."

"உங்களுக்கு முன்பே சந்தேகமா?"

"சந்தேகம் என்ன?
மை காய முடி உலர்த்தியைப் பிடித்ததே நான்தான்."

"அப்படியானால் ஏன் முப்பத்தெட்டு யூரோ?"

"என் வாய்ச்சொல்லை அவர் நம்பமாட்டார்.
முத்திரை வேண்டும்."

உறையின் முதுகில் 'பொய்' என்று அடித்தேன்,
பக்கத்தில் என் பெயர்.
தில்லைநாயகம் முழுதாய் ரப்பரில் அடங்காது;
தில்லை என்று வெட்டிவைத்திருக்கிறேன்.
மை குறைந்தால் முதலெழுத்து விழாது,
'இல்லை' என்றுதான் படியும்.
அன்று அப்படித்தான் படிந்தது. திருத்தவில்லை.

"அஞ்சல்தலை ஒன்று கிடைக்குமா?" என்றார் எழும்போது.
நாற்பதாயிரம் தலைகள் கிடக்கும் அறை,
இன்றைக்குச் செல்லுபடியாகும் தலை ஒன்றில்லை.
கீழே புகையிலைக்கடையைக் காட்டினேன்.

ஜன்னலில் நின்று பார்த்தேன்.
மஞ்சள் பெட்டியின் முன்னால் அவர்,
கையில் புது உறை, அதற்குள் பழைய உறை.
வாயைத் தொட்டது கை, பழக்கத்தில்;
இந்தக் காலத்துத் தலைக்கு எச்சில் வேண்டாம்.
பெட்டியின் வாயருகே போனது,
நின்றது,

ரயில் வந்தது.
நீலப் பெட்டிகள், அவற்றில் யார் யாரோ முகங்கள்.
போன பின் தெருவில் மஞ்சள் பெட்டி இருந்தது.
போட்டாரா,
ரொட்டிப் பைக்குள் திருப்பி வைத்தாரா?
ஊதா விளக்கை அணைக்க மறந்திருந்தேன்.
மேசையில் என் பத்து நகங்களும்
வெளிறி மினுங்கின.