விடுபட்ட நாட்கள்

முன்னூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
ஒற்றைத் தலைவலிக்கு ஒரு நாட்குறிப்புச் செயலி.
தார்த்துவில், பனிக்கு முந்தைய மழையில்,
அலுவலகம் விட்டு வந்த இரவுகளில் கட்டியது.
இனி அது சீனம் பேச வேண்டும்.
தேநீரின் 'தே' அங்கிருந்து வந்தது என்பதைத் தவிர
எனக்கு அந்த மொழியில் ஒன்றும் தெரியாது.

ஆள் தேவை என்று எழுதினேன்.
சொற்கணக்கில் கூலி.
நான்காம் நிமிடமே ஒருவர்
முழு வேலையையும் முடித்து அனுப்பிவிட்டார்.
இயந்திரத்திடம் திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன்.
ஒற்றைத் தலைவலி
'தனிமையான தலைவரின் வலி' ஆகி வந்தது.
ஹாம்பர்க் நிறுவனம் ஒன்று சொன்ன விலைக்கு
என் பழைய ஸ்கோடாவை இரண்டு முறை வாங்கலாம்.
இன்னொருவர் கேட்டது ஒரே வரி:
எளிய எழுத்தா, மரபெழுத்தா?
இரண்டு உண்டென்பதே அன்றைக்குத்தான் தெரியும்.
தெரியாது என்றேன்.
அவர் பிறகு எழுதவில்லை.

ஷென் யௌலின், குன்மிங் நகரம்,
விலை சொல்லவில்லை. கேள்விகள் அனுப்பினார்.
பதினேழு.

வரி 9: 'நீ'யா, 'நீங்க'ளா?
வலியில் இருப்பவரிடம்
எவ்வளவு நெருங்கிப் பேசும் உங்கள் செயலி?
வரி 40: 'சேமி'. காசையா, குறிப்பையா?
வரி 71: 'பின்'. பின்னாலா, பிறகா, ரகசிய எண்ணா?
வரி 88: வலி எங்கே என்று கேட்கிறீர்கள்.
நெற்றி, உச்சி, பிடரி மட்டும் இருக்கிறது.
கண்ணுக்குப் பின்னால் என்று ஒன்று வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது என்னிடம்.
வரி 203-க்கு இல்லை.

'விடுபட்ட நாட்கள்: 3' என்று இருக்கிறது.
குறிப்பில் விடுபட்டவையா?
வலியிலிருந்து விடுபட்டவையா?
சீனத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் கிடையாது.
ஒன்றைச் சொல்லுங்கள்.

அந்த வரிக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்தது
ஒரு சிவப்புப் புள்ளி,
ஒரு மணியோசை,
'மறந்துவிட்டீர்களா?' என்று ஒரு குத்தல்.
தலை வலிக்காத நாளில்
யார் திறப்பார் தலைவலியின் நாட்குறிப்பை?
சந்தைக்குப் போவார்கள். உறைந்த ஆற்றில் சறுக்குவார்கள்.
சண்டை போட்டுவிட்டு உரக்கச் சிரிப்பார்கள்.
வெளிச்சம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்க மாட்டார்கள்.
அவர்கள் நலமாக இருந்ததற்குத்தான்
ஆறு மாதமாக மணியடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே இரவு பதினொன்று, அங்கே விடிகாலை ஐந்து.
அவர் கடிதங்கள் எப்போதும் அந்நேரத்தில்தான் வரும்,
இருட்டில் தட்டியவைபோல, சுருக்கமாக.
ஏன் விழித்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.
பதினேழாவது கேள்வி மொழியைப் பற்றியதே அல்ல:
'இந்த வெள்ளைத் திரையை
ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து
யாராவது பார்த்தார்களா?'

வேலையை அவருக்கே கொடுத்தேன்.

திரையைக் கறுப்பாக்கினேன். மணியைக் கழற்றினேன்.
புள்ளி இருந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.
எஸ்தோனியச் சொற்கள் இடம் போதாமல்
வால் அறுந்து கிடந்த பொத்தான்களில்
சீனம் இரண்டே எழுத்தாக உட்கார்ந்தது.
சுற்றிலும் அத்தனை இடம்.
எழுத்தைப் பெரிதாக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

ரசீது வந்தது. முன்னூற்றுப் பதினொரு வரிக்குக் காசு,
203-க்கு நேரே பூஜ்யம்.
பிழை என்று நினைத்துக் கேட்டேன்.
'அதை நான் மொழிபெயர்க்கவில்லையே,
நீங்கள்தான் அழித்துவிட்டீர்கள்.'

மார்ச்சில் அடுத்த பதிப்பு.
இருபது வரி, கூடவே ஒரு வணக்கம், அனுப்பிவைத்தேன்.
மூன்று நாளாகப் பதில் இல்லை.
எந்த வகையான மூன்று நாள் என்று தெரியவில்லை.
நினைவூட்டல் ஒன்று எழுதி,
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.