பின்பக்கத்து மயில்

க்தான்ஸ்க் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்
பொகுமிவா.
கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு
வண்ணம் தீட்டும் புத்தகத்துக்குச்
சாம்பல் நிறம் கேட்கிறாள்.

கடையில் பதினோரு சாம்பல்கள்.
சூடானது, குளிர்ந்தது,
பெயரின்றி எண் மட்டும் உள்ளது.

யாரோ கிறுக்கிப்போன சோதனைத் தாளில்
இழுத்துப் பார்க்கிறாள்.
நாற்பது டன்னை ஓசையின்றி இறக்கும் கை.
தூரிகைப் பேனாவிலோ கோடு
புழுவாய் நெளிகிறது.

"மார்க்கர் வேண்டாம். மை ஊறிப்
பின்பக்கத்து மயில் கெட்டுவிடும்" என்கிறான்
கடைப் பையன் ஓல்கெர்ட்.

"கெடட்டும்.
முன்பக்கம் கடல்.
பிப்ரவரியில், காலை ஏழரைக்கு,
மேலிருந்து பார்த்தால்
அது நீலமில்லை தம்பி."

ஏழாம் எண் மார்க்கர்.
மூடியைத் திறந்து மூடினாள்
அந்தச் சின்ன 'க்ளிக்'குக்காக.

கல்லாவரை போனவள்
என்ன நினைத்தாளோ,
திரும்பி வந்து
ஒரு பச்சையும்.