கசிவு

கியூம்ரி நகரக் குடிநீர் வாரியத்தில்
வராஸ்தாத்துக்கு இரவு வேலை.
லாரிகளும் அடங்கிய மூன்று மணிக்கு
இரும்புக் கம்பியைத் தார்ச்சாலையில் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைப்பான்.
அடியில் எங்கோ உடைந்த குழாய்
சீறும்; சில இடங்களில் விசும்பும்.

ஞாயிறு கோயிலில்
மணலில் மெழுகுவத்தி நட்டு
நிறையக் கேட்பான்:
மகளுக்கு விசா, முழங்காலுக்குச் சுகம்,
பக்கத்து வீட்டு மிசாக் போட்ட
எல்லைச்சுவர் வழக்கு தள்ளுபடியாக.
கேட்டு முடித்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு
போய்விடுவான்.

பிப்ரவரியில் ஒரு புகார்,
அவன் தெருவிலிருந்தே.
தள்ளித் தள்ளி ஊன்றிய கம்பி
மிசாக்கின் சுவரடியில் வந்து நின்றது.
மூச்சைப் பிடித்தான்.
தண்ணீர்தான்.
தண்ணீருக்குப் பின்னால் இன்னொன்று:
இருமல்,
இருமலுக்கு நடுவே ஒரு பெயர், திரும்பத் திரும்ப.
போன மாதம் புதைத்தவளின் பெயர்.
அடக்கத்துக்கு இவன் போகவில்லை.

பனியில் முழந்தாளிட்டு, கம்பியில் காது விறைக்க,
எதையும் கேட்காமல்
கேட்டுக்கொண்டே இருந்தான்.

விடியுமுன் ஆட்கள் வந்து குழாயை அடைத்தார்கள்.
வண்டி கிளம்பியது. இவன் ஏறவில்லை.

கதவைத் தட்டக் கையெடுத்தபோதுதான்
கையில் கம்பி இருப்பது தெரிந்தது.
வழக்கில் இருக்கும் அந்தச் சுவரிலேயே
சத்தமில்லாமல் சாய்த்து வைத்தான்.